பெயருக்கு முன்னால்

மணிமேகலை பாதி ஷட்டரை மட்டும் தூக்கிவிட்டுக் குனிந்து கடைக்குள் நுழைந்தாள். முழுதாகத் திறந்தால் ஆதார் ஜெராக்ஸுக்கு யாராவது வந்து நிற்பார்கள். மணி ஆறே முக்கால்தான். ஆனால் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு ஓரத்துக் கடைக்கு நேரம் காலம் கிடையாது. எட்டரைக்குள் அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அதற்குள் போஸ்டரை அடித்து எடுத்துக்கொண்டு போய்ச் சேர வேண்டும்.

"வேற யார்ட்டயாச்சும் குடுத்துக்குவோம்" என்று அப்பா சொன்னார்தான். அவள்தான் கேட்கவில்லை. திருவரங்குளம் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ பேருக்கு அவள் கண்ணீர் அஞ்சலி அடித்துக் கொடுத்திருக்கிறாள். தோற்றம், மறைவு, நடுவில் படம், கீழே துயருறும் குடும்பத்தார். அக்காவுடையதில் மட்டும் இன்னொருத்தர் கை படுவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கம்ப்யூட்டர் கண் விழிப்பதற்குள் அப்பா நாகராசுவிடமிருந்து போன் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறார் போலிருந்தது. பின்னால் யாரோ ஆம்புலன்ஸ் டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"மணி, பேருக்கு முன்னாடி முனைவர்னு போட்டுரு. பெருசா போடு. ரோட்டுல போறவனுக்கும் தெரியணும்."

"அப்பா, அது இன்னும்..."

"போடுத்தா" என்றார். உடனே வைத்துவிட்டார்.

அவள் படத்தைத் தேடினாள். அக்கா படம் எடுத்துக்கொள்கிறவள் இல்லை. கல்லூரி அடையாள அட்டைக்கு எடுத்த ஒன்றுதான் இருந்தது. கழுத்தில் தொங்கிய நீலப் பட்டையை நீக்கினாள். இந்த மாதிரிப் படங்களில் முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கித் தரச் சொல்லி எல்லோரும் கேட்பார்கள். அவள் கை பழக்கத்தில் அங்கே போய், நின்றுவிட்டது. ஏற்கெனவே ரத்தமில்லாமல் வெளுத்த முகம் அது.

'முனைவர் நா. புவனேஸ்வரி' என்று அடித்தாள். பார்த்தாள். முனைவரை அழித்தாள். மறுபடி அடித்தாள்.

அந்த ஒரு சொல்லுக்கு ஒன்பது வருஷம். அரசுக் கல்லூரி ஒன்றில் பொருளியல் கௌரவ விரிவுரையாளராக அக்கா சேர்ந்தபோது இருபத்தைந்து வயது. பெயரில் மட்டும்தான் கௌரவம் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். வருஷா வருஷம் வேலை இருக்குமா என்று காத்திருக்க வேண்டும். நிரந்தர வேலை என்றால் பிஎச்.டி. வேண்டும் என்றார்கள். இரண்டு வருஷம் யோசித்துவிட்டு, வகுப்பும் எடுத்துக்கொண்டு பகுதி நேரமாகப் பதிவு செய்தாள். ஆதனக்கோட்டை பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களைப் பற்றிய ஆராய்ச்சி. சனி ஞாயிறுகளில் பஸ் ஏறிப் போய் இருநூற்றுப் பன்னிரண்டு பெண்களைப் பார்த்தாள். ஒவ்வொருவருக்கும் நாற்பது கேள்விகள். ஆனால் பதில் சொன்னவர்கள் நாற்பதோடு நிறுத்தவில்லை. நாத்தனார் கதை, புருஷன் கதை, கொட்டை எண்ணெய் பட்டு விரல் வெந்த கதை எல்லாம் சொன்னார்கள். அவற்றையெல்லாம் படிவத்தின் பின்பக்கத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதிக்கொண்டு வந்தாள். அந்தப் பின்பக்கங்கள்தான் ஐந்தாம் இயல் ஆயின.

எல்லாவற்றையும் டைப் செய்தது மணிமேகலைதான். இங்கிலீஷில் பாதி புரியும், பாதி புரியாது. ஆனால் எந்த அட்டவணை எத்தனையாவது பக்கத்தில் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். கைடு ஒரு முறை மூன்றாம் இயலை இரண்டாம் இயலுக்கு முன்னால் போடச் சொன்னார். அடுத்த முறை பழையபடியே மாற்றச் சொன்னார். இரண்டு கட்டுரை வெளிவந்தால்தான் தீசிஸை வாங்குவார்கள் என்றார்கள். வெளிவருவதற்குள் பதிவுக் காலம் முடிந்து, நீட்டிப்புக் கேட்டு அக்கா நடையாய் நடந்தாள். மாப்பிள்ளை வீட்டார் முதலில் "படிப்பு முடியட்டும்" என்றார்கள், பிறகு "இன்னுமா முடியல?" என்றார்கள், பிறகு வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

"எதுக்குக்கா இந்தப் பாடு?" என்று ஒரு தடவை மணிமேகலை கேட்டாள். முன்பெல்லாம் பெர்மனென்ட் வேலைக்கு என்று சட்டென்று சொல்லிவிடுவாள் அக்கா. அன்றைக்கு அப்படிச் சொல்லவில்லை.

"இருநூறு பேரு என்னைய நம்பிச் சொல்லிருக்காங்க மணி. வாங்கி வச்சிருக்கேன். எங்கயாவது கொண்டுபோய்ச் சேக்கணும்ல?"

போன வருஷம் மார்ச்சில் தீசிஸைக் கொடுக்க வேண்டிய நாள். இதே கடையில், இதே நீல பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா உட்கார்ந்து கடைசிப் பிரதியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்தபோது நாற்காலியில் ரத்தம். சுடிதாரின் பின்பக்கம் முழுக்க ரத்தம். மணிமேகலை பதறிப்போய் வேஸ்ட் பேப்பரை அள்ளித் துடைத்தாள். "வாக்கா, டாக்டர்ட்டப் போவோம்" என்றாள்.

"நாலு மணிக்குள்ள குடுக்கணும்டி. நூத்தி அறுபதாவது பக்கத்துல நம்பர் விட்டுப்போயிருக்கு பாரு. அத மட்டும் சரி பண்ணிரு."

மணிமேகலை தன் துப்பட்டாவைக் கொடுத்து அக்காவின் இடுப்பில் சுற்றிக்கொள்ளச் சொன்னாள். பிறகு உட்கார்ந்து அந்தப் பக்க எண்ணைச் சரி செய்தாள். அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாமல், உட்கார்ந்து பக்க எண்ணைச் சரி செய்தாள்.

கர்ப்பப்பையில் கட்டி என்றார்கள். ஆபரேஷன் செய்து ஒரு மாதமாவது ஓய்வெடுக்க வேண்டும் என்றார்கள். ஒரு மாதம் வகுப்புக்குப் போகாவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள் வந்துவிடும். "வைவா முடியட்டும். முடிஞ்ச மறுநாள் படுத்துக்குறேன்" என்றாள் அக்கா. முதல் பரிசோதகரின் அறிக்கை நான்கு மாதத்தில் வந்தது, நன்றாகவே வந்தது. இரண்டாமவருடையது பதினான்கு மாதமாக வரவில்லை. அக்கா இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கிக்கொண்டு இரண்டாவது மாடிக்கு வகுப்பெடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை படியிலேயே விழுந்தாள். ரத்தம் இவ்வளவு குறைந்து இதயம் எப்படித் தாங்கியது என்று ஆஸ்பத்திரியில் ஆச்சரியப்பட்டார்கள். ரத்தம் ஏற்றினார்கள். மூச்சு வாங்குவது நிற்கவில்லை. இன்று விடிகாலை மூன்று மணிக்கு நின்றது.

இதற்கு நடுவில் செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒன்று நடந்தது. மணிமேகலையைத் தவிர வீட்டில் யாருக்கும் அது தெரியாது.

ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டு அக்கா கேட்டாள்: "மெயில் பாத்தியா? ஏதாச்சும் வந்துச்சா?"

அக்காவின் போன் இவளிடம்தான் இருந்தது. மெயில் வந்திருந்தது, பத்து நிமிஷம் முன்னால். இரண்டாவது பரிசோதகரின் அறிக்கை. இந்த நிலையில் பட்டத்துக்குப் பரிந்துரைக்க இயலாது, திருத்தி மீண்டும் சமர்ப்பிக்க வேண்டும், ஐந்தாம் இயலில் உள்ள தனிநபர் கதைகளுக்கு ஆய்வு மதிப்பு இல்லை, அவற்றை நீக்க வேண்டும். ஒன்பது வருஷம் அந்த இங்கிலீஷையே அடித்தவளுக்கு இது நன்றாகவே புரிந்தது.

"இன்னும் வரலக்கா" என்றாள் மணிமேகலை.

அக்கா அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி. வரட்டும், மெதுவா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

கடைக்குள் போன் அடித்தது. அக்காவின் போன். திரையில் 'செவந்தி 87' என்று வந்தது. எண்பத்தேழாவதாகப் பார்த்த பெண். அக்கா அப்படித்தான் பதிந்து வைத்திருந்தாள்.

"டாக்டரம்மா, நான் செவந்தி பேசுறேன். ஒரு வாரமா ஒங்க பேச்சு மூச்சே இல்லியே, ஒடம்பு சொகந்தானே?"

மணிமேகலை சொன்னாள். "எந்த ஊரு ஆத்தா? வழி சொல்லு" என்ற குரல் மட்டும் வந்தது.

போனை வைத்துவிட்டு அவள் திரையைப் பார்த்தாள். 'முனைவர்' பெரிதாக நின்றது. அக்கா ஒரு புள்ளிவிவரத்தில் தசமம் தப்பியதற்காக அறுபது பக்கத்தை மறுபடி எடுக்கச் சொன்னவள். தனக்கு இல்லாததைத் தன் பெயரில் போட்டால் ஒத்துக்கொள்வாளா? மணிமேகலை அதை அழித்தாள். ஆனால் பெயர் மொட்டையாக நின்றது. சீமாட்டி ஒருத்தியைத் தெருவில் வெறுங்காலோடு விட்டது போல. வேறு வழியில்லாமல் 'செல்வி' என்று அடித்தாள். முப்பத்தாறு வயது அக்காவுக்குச் செல்வி. பெயருக்குப் பின்னால் எம்.ஏ., எம்.ஃபில். அப்படியே ஐம்பது பிரதி எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். ஃப்ரீசர் பெட்டிக்குள் அக்கா படுத்திருந்தாள். அம்மா அழகி பெட்டியின் கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்திருந்தாள். கண்ணாடியில் நீர் கோத்தபோதெல்லாம் முந்தானையால் துடைத்து, மகளின் முகம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா குணசேகரன் ஆண்கள் பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். இரண்டு மகன்கள் சிங்கப்பூரில். ஊரில் நல்லது கெட்டது எதுவானாலும் அவர்தான் முன்னே நிற்பார். இன்றைக்கும் பந்தலிலிருந்து பாடை வரை எல்லாம் அவர் ஏற்பாடுதான். அதற்கான உரிமையோடு பேசிக்கொண்டும் இருந்தார்.

"காலாகாலத்துல ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துருந்தா இந்நேரம் புள்ளைக பத்தாவது படிக்கும். படிப்பு படிப்புன்னு விட்டான் எந்தம்பி. என்னத்தக் கண்டுச்சு அந்தப் புள்ள?"

அப்பா கேட்டுக்கொண்டுதான் நின்றார். மணிமேகலையைக் கண்டதும் வேகமாக வந்து பையை வாங்கினார். ஒரு போஸ்டரை உருவி, கையை நீட்டித் தூரமாக வைத்துப் பார்த்தார்.

"முனைவர் எங்க?"

"அப்பா, உள்ள வாங்க."

"எங்கன்னு கேட்டேன்."

"அது இன்னும் கெடைக்கலப்பா. கெடைக்காமப் போடக் கூடாது."

"வைவா ஒண்ணுதான பாக்கி? எழுதிக் குடுத்துருச்சுல்ல? நீதான அடிச்ச? எத்தன தடவ அடிச்ச?"

"ஆமாப்பா."

"அப்புறம் என்ன?" அப்பாவின் குரல் தாழ்ந்தது. "ஒம்போது வருஷமா கேக்குறவனுக்கெல்லாம் பதில் சொல்லிட்டுத் திரிஞ்சேன் மணி. இந்தா வரப்போகுது, இந்தா வரப்போகுதுன்னு. இன்னைக்கு ஒரு நாளு போட்டா யாரு வந்து கேக்கப் போறா?"

சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வந்துவிட்டதப்பா, வேண்டாம் என்று வந்துவிட்டது என்று. அவர் தாடையில் நரைமுடி இரண்டு நாளாக மழிக்காமல் முளைத்திருந்தது. அப்பா போஸ்டரை மடிக்காமல் பையின் மேலேயே வைத்துவிட்டுப் பந்தலுக்குப் போனார். பெரியப்பாவின் ஆட்கள் ஒரு கட்டுப் போஸ்டரை எடுத்துக்கொண்டு போய் முக்கத்துச் சுவரிலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டினார்கள்.

பதினொரு மணிக்கு ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு பெண்களாக இறங்கினார்கள். ஒன்பது பேர். வேலைக்குக் கட்டும் பழைய சேலையோடே வந்திருந்தார்கள். முன்னால் வந்தவள் ஒல்லியாக, நடு வயதில் இருந்தாள். அவள் கையில் ஒரு மாலை.

"டாக்டரம்மா வீடு இதுதானா?"

பந்தலில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எந்த டாக்டரம்மா? யாரும்மா நீங்க?" என்றார் பெரியப்பா.

அதற்குள் அவள் பெட்டியைப் பார்த்துவிட்டாள். மாலையை யார் கையிலோ திணித்துவிட்டு ஓடிப்போய் விழுந்தாள். "ஆத்தாடி, எங்கள விட்டுட்டுப் போயிட்டியே தாயி" என்று அவள் எடுத்த குரலுக்கு, ஓய்ந்திருந்த அழகி மறுபடி வெடித்தாள். ஒன்பது பெண்களும் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்து கட்டிக்கொண்டார்கள். கண்ணாடிமேல் அவர்கள் விரல்கள் பரவின. கருத்து, நுனியில் தோல் உரிந்து, ரேகையே இல்லாத விரல்கள்.

அழுகை அடங்கியபின் மணிமேகலை தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். செவந்தி வாங்கிக் குடித்துவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்த அப்பாவிடம் பேசினாள்.

"மொதமொத வந்தப்ப, டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறேன்னு சொல்லுச்சு. எங்களுக்கு என்ன தெரியும்? எல்லாரும் கையக் காட்டுனோம். அது புண்ணு, இது புண்ணுன்னு வரிசையா நின்னோம். நான் ஊசி போடுற டாக்டரு இல்லக்கான்னு சிரிச்சுச்சு. சிரிச்சுட்டு சும்மா போகல. மறுவாரம் எங்கள்ல மூணு பேரக் கூட்டிட்டுப் போயி தோல் டாக்டர்ட்டக் காட்டுச்சு. மொதலாளிகிட்டப் போயி நின்னு, ஒடைக்கிறவங்களுக்குக் கைக்குத் தேங்காண்ணெயும் உறையும் குடுங்கன்னு கேட்டுச்சு. ரெண்டு பேரு வெரட்டி விட்டாக. எங்க மொதலாளி குடுத்தாரு. இன்னைக்கும் குடுக்குறாரு."

"எங்ககிட்ட இதெல்லாம் சொன்னதே இல்லையே" என்றார் அப்பா.

"எழுதுற வேலை வேற, இது வேறன்னு சொல்லும். ஆனா எங்க வாயில அது டாக்டரம்மாதான்."

பெரியப்பா நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். அதற்குப்பிறகு அவர் பேச்சு குறைந்தது.

கைடு சந்தனமேரி வந்தபோது மணி பன்னிரண்டரை. கல்லூரியிலிருந்து இரண்டு பேராசிரியர்கள் உடன் வந்தார்கள். ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷமே இருந்த அம்மா. முழங்கால் வலியோடு மெதுவாக நடந்து வந்து, பெட்டியருகே நின்று சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். நெடுநேரம் நின்றார். அப்பா எழுந்து போய்க் கைகூப்பினார். பையிலிருந்த போஸ்டர் ஒன்று அவர் கையில் இருந்தது.

"அம்மா, நீங்கதான் சொல்லணும். எஞ் சின்ன மககிட்டக் கேட்டா போடக் கூடாதுங்குது. எம் பொண்ணு பேருக்கு முன்னால முனைவர்னு போடலாமா, கூடாதா?"

பெரியப்பாவும் நிமிர்ந்து பார்த்தார். சந்தனமேரி போஸ்டரைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி மணிமேகலையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த மெயில் இவருக்கும் வந்திருக்கும். வராமல் எப்படி?

"ஐயா," என்றார் சந்தனமேரி. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அவ எழுத வேண்டியத எழுதி முடிச்சிட்டா. குடுக்க வேண்டியவங்க நாங்கதான் இன்னும் குடுக்கல."

அப்பா தலையை ஆட்டினார். அது சரி என்பதா, இல்லை என்பதா, அவருக்கே புரிந்ததாகத் தெரியவில்லை. போஸ்டரை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

சந்தனமேரிக்கு உட்கார நாற்காலி போட்ட மணிமேகலையை அவர் விடவில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம், போர் மோட்டார் பக்கமாக வந்தார்.

"பாத்துட்டியா?"

"பாத்தேன் மேடம்."

"அவ?"

"இல்ல. வந்துச்சான்னு கேட்டா. வரலன்னு சொல்லிட்டேன்."

சந்தனமேரி தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். "நல்ல வேளை" என்றார். பிறகு, "நல்ல வேளைன்னு சொல்லவும் நமக்கு உரிமை இருக்கா தெரியல" என்றார்.

மோட்டார் பைப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அந்த அஞ்சாவது சாப்டர எடுத்துரும்மான்னு நானும் சொன்னேன். ரெண்டு வருஷம் முன்னாடியே. யாராவது ஒருத்தர் கேள்வி கேப்பாங்கன்னு தெரியும். எடுக்க மாட்டேன்னுட்டா. அத எடுத்துட்டா இது யாரப் பத்தின தீசிஸ் மேடம்னு கேட்டா. எனக்குக் கோவம். பதினோரு மாசம் அவ டிராஃப்ட என் மேசைமேலயே போட்டு வச்சிருந்தேன். வேலை இருந்துச்சு, முழங்கால் ஆபரேஷன் இருந்துச்சு, எல்லாம் உண்மைதான். ஆனா கோவமும் இருந்துச்சு." அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "அவளுக்கு ஒடம்பு சரியில்லன்னு ஒரு வார்த்த சொல்லல. ஒவ்வொரு தடவையும் சிரிச்சிட்டே வந்து நிப்பா."

நீங்கள் கேட்கவில்லையே என்று சொல்ல மணிமேகலைக்கு நாக்கு நுனிவரை வந்தது. நீல நாற்காலி கண்ணில் வந்து நின்றது. குழாயைத் திறந்து ஒரு செம்பு தண்ணீர் பிடித்து நீட்டினாள். அவர் முகம் கழுவிக்கொண்டார்.

"இப்ப அந்த தீசிஸ் என்ன ஆகும் மேடம்?"

"ஒண்ணும் ஆகாது. திருத்திக் குடுக்க ஆளில்லன்னா ஃபைல மூடிருவாங்க. அவ குடுத்த மாதிரியே இருக்கும்."

"அஞ்சாவது சாப்டரோட."

"அஞ்சாவது சாப்டரோட" என்றார் சந்தனமேரி.

இரண்டு மணிக்கு எடுத்தார்கள். முன்பக்கத்துக்கு ஆள் வேண்டும் என்றபோது பெரியப்பாவே துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு தோள் கொடுத்தார். அவருக்கு எழுபது வயது. வேண்டாம் என்று தடுத்தவர்களைக் கையால் விலக்கினார். பெண்கள் தெருமுனை வரை போய் நின்றுகொண்டார்கள். அங்கே சுவரில் ஈரப் பசையோடு அக்காவின் முகம் ஒட்டப்பட்டிருந்தது. அம்மா அதன் எதிரிலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். செவந்தி அவளைத் தூக்கி, இடுப்பில் கை கொடுத்து வீடுவரை நடத்திக்கொண்டு வந்தாள்.

பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். செவந்தியின் ஆட்கள் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப வேண்டும் என்பதால் மௌனமாகவே வண்டியில் ஏறினார்கள். செவந்தி மட்டும் ஒரு காலைப் படியில் வைத்தபடி நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தப் புள்ள எழுதுச்சே, அதுல எஞ் சங்கதி இருக்கா?"

"இருக்குக்கா. நாலு பக்கம். நாந்தான் அடிச்சேன்."

"எல்லாம் இருக்கா? எம் மூத்த மக செத்தது?"

"இருக்கு."

செவந்தி தலையசைத்தாள். "யாருகிட்டயும் சொன்னதில்ல, அதுகிட்டத்தான் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள். வண்டி ஆலங்குடி ரோட்டைப் பார்த்துத் திரும்பியது.

ஆண்கள் காடு போய்த் திரும்பியபோது ஐந்து மணி ஆகிவிட்டது. போர் மோட்டாரில் குளித்துவிட்டு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். பெரியப்பா வாசல்வரை வந்து ஏதோ சொல்லப் பார்த்தார். தம்பியின் முதுகில் கையை வைத்தார், எடுத்தார், போய்விட்டார்.

அப்பா ஈர வேட்டியோடு வாசற்படியில் உட்கார்ந்தார். தலை துவட்டவில்லை. மணிமேகலை துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"மார்க்கர் வச்சிருப்பியே?"

"எதுக்குப்பா?"

அவர் கையை நீட்டினார். அவள் கைப்பையைத் துழாவிக் கறுப்பு மார்க்கரை எடுத்துக் கொடுத்தாள். மிச்சமிருந்த போஸ்டர்களில் ஒன்றை எடுத்து அவர் தொடைமேல் விரித்தார். ஈரம் படாமலிருக்கத் துண்டை அடியில் போட்டுக்கொண்டார். 'செல்வி' என்பதன்மேல் ஒரு கோடு இழுத்தார். அடுத்து, கோட்டுக்கு மேலே, எட்டாவதோடு நின்றுபோன தன் கையெழுத்தில், ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்தி எழுதினார்.

மணிமேகலை பின்னால் நின்று பார்த்தாள். 'முணைவர்' என்று எழுதியிருந்தார். மூன்று சுழி ண.

அவர் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "சரியா இருக்கா?"

"சரியா இருக்குப்பா" என்றாள்.

அவர் குனிந்து, மை காய்வதற்காக மெல்ல ஊதத் தொடங்கினார்.